புல்லுக்குப் போன தண்ணீர்

பெங்களூர் அல்சூரில், ஏரிக்கு நடந்தே போகிற தூரத்தில் வீடு என்று சொன்னால், "அப்புறம் உங்களுக்குத் தண்ணிக்கு என்ன கவலை?" என்று திருப்பத்தூர்ப் பக்கத்துச் சொந்தக்காரர்கள் கேட்பார்கள். ஏரித் தண்ணீரை அல்சூர்க்காரர்கள் கையால்கூடத் தொடுவதில்லை என்பது அவர்களுக்குத் தெரியாது. சாக்கடை கலக்கிற ஏரி. வெயில் ஏறினால் வாடை தெருமுனைவரை வரும். 2016 மார்ச்சில் மீன்கள் ஆயிரக்கணக்கில் செத்துக் கரையொதுங்கியதை மூக்கைப் பொத்திக்கொண்டு பார்த்தோம். குடிக்கவும் குளிக்கவும் சமைக்கவும் காவிரிதான். தொரெகாடனஹள்ளியிலிருந்து ஏறக்குறைய 100 கிலோமீட்டர் குழாயில் வந்து, வழியில் 500 மீட்டர் உயரம்வரை பம்பு போட்டு ஏற்றப்பட்டு, ஒரு நாள் விட்டு ஒரு நாள் எங்கள் சம்ப்பில் விழுகிற தண்ணீர்.

அதை எடுத்து, தின்னவும் ஆகாத, சாமிக்குச் சாத்தவும் முடியாத ஒரு புல்லுக்கு ஊற்றலாமா? எங்கள் வீட்டில் வருஷக்கணக்காக ஓடிய வாக்குவாதம் இது.

அப்பா ஐ.டி.ஐ. டெலிபோன் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். தொண்ணூறுகளின் கடைசியில் ரிட்டயர் ஆன கையோடு, ஆகஸ்ட் மாதம் லால்பாக் மலர்க்காட்சிக்குப் போனவர், திரும்பும்போது பக்கத்திலேயே இருக்கிற சித்தாபுரா நர்சரிகளுக்குள் நுழைந்துவிட்டார். கறுப்புப் பாலித்தீன் பையில், செங்கறுப்பு இலையோடு ஒரு புல்லைத் தூக்கிக்கொண்டு வந்தார். ஃபவுண்டன் கிராஸ் என்று சொல்லிக் கொடுத்தார்களாம். ரோஜாப் பதியன் வரும் என்று தொட்டியில் செம்மண் நிரப்பிக் காத்திருந்த அம்மா, பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஆடு எப்ப வருது?" என்று கேட்டாள்.

அம்மா வேலூர் மாவட்டத்தில் பிறந்து வளர்ந்தவள். ஒரு குடம் தண்ணீருக்கு எத்தனை பேரிடம் முகம் கொடுக்க வேண்டும் என்று சின்ன வயதிலேயே தெரிந்தவள். அன்றைக்கே தீர்ப்புச் சொல்லிவிட்டாள்: காவேரித் தண்ணி புல்லுக்குக் கிடையாது. அரிசி களைந்தது, பருப்பு கழுவியது, கீரை அலசியது, பாத்திரத்துக்கு சோப்பு போடுவதற்கு முன் விடுகிற முதல் அலசல், இதெல்லாம் ஒரு பிளாஸ்டிக் பக்கெட்டில் சேரும். புல் அதைக் குடித்துப் பிழைத்துக்கொள்ள வேண்டும். அப்பா தலையாட்டினார். ஆனால் அவருக்கு பூவாளியில் மனசு. சாயங்காலமானால், அம்மா டி.வி. முன்னால் உட்கார்ந்ததும், மொட்டைமாடிக் குழாயைத் திறந்து ஒரு பூவாளி பிடித்து, இலை மேலே தூவி அழகு பார்ப்பார்.

அதற்கு முடிவு கட்டியவர் மாலி. எங்கள் தெருவில் நாலைந்து வீட்டுக்கு அவர்தான் வருவார். திகளர் வகுப்புப் பெரியவர். பெங்களூரின் தோட்ட வேலை அந்த மக்கள் கையில்தான் தலைமுறை தலைமுறையாக இருந்தது. தர்மராயர் கோயில் கரகம் எடுப்பவர்களும் அவர்களே. பேச்சில் பாதி தமிழ், பாதி கன்னடம். கன்டோன்மென்ட் பங்களாக்களில் வேலை பார்த்த பழக்கத்தில் புல் வகையெல்லாம் அவருக்குப் பெயரில்லாமலே தெரியும். அப்பா தூவிக்கொண்டிருந்ததைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஏன் சார் தினோம் நனைக்கிறீங்க? மேலயே தண்ணி கெடைச்சா வேரு எதுக்கு சார் கீழ போவுது?"

அவ்வளவுதான் விஷயம். புல்லின் பலமே வேர்தான். தினமும் ஒரு டம்ளர் ஊற்றினால் மேல்மண் இரண்டு விரல்கடைதான் நனையும். வேரும் அந்த இரண்டு விரல்கடைக்குள்ளேயே சுற்றிக்கொண்டு கிடக்கும். இரண்டு நாள் வெயில் அடித்தால் முதலில் காய்வதும் அந்த மேல்மண்தான். மாறாக, ஒரே தடவையில் தொட்டியின் அடி ஓட்டை வழியாக ஒழுகும்வரை ஊற்றிவிட்டு, பிறகு மேல்மண் நன்றாகக் காயும்வரை கையைக் கட்டிக்கொண்டிருந்தால், வேர் ஈரத்தைத் தேடிக் கீழே இறங்கும். மாலி விரல் முட்டியால் மண்தொட்டியைத் தட்டிப் பார்ப்பார். கணீர் என்று சத்தம் வந்தால் உள்ளே காய்ச்சல், ஊற்று. மத்தென்று இருந்தால் இன்னும் ஈரம், விடு. பிளாஸ்டிக் தொட்டிகள் வந்த பிறகு இந்த வித்தை செல்லவில்லை. ஒரு பக்கம் லேசாகத் தூக்கிக் கனம் பார்க்க வேண்டியிருக்கிறது.

ஃபவுண்டன் கிராஸ் நமக்கு அன்னியம் என்று நினைக்க வேண்டாம். கம்பும் அதுவும் ஒரே பேரினம். கதிரைப் பார்த்தாலே தெரியும். கம்பங்கதிருக்கு மயிர் முளைத்து, மெலிந்து வளைந்தால் அதுதான். ஆப்பிரிக்காவிலும் அரபு நாட்டுப் பக்கமும் வறண்ட மண்ணில் வளர்ந்தது. கம்பு, சோளம், கரும்பு மாதிரி இதுவும் வெயிலில்தான் சுறுசுறுப்பாக வளரும், குளிரில் மந்தமாகிவிடும். இந்த ஒன்றைத் தெரிந்துகொண்டால் வருஷம் முழுவதுக்குமான தண்ணீர்க் கணக்கு பாதி முடிந்தது.

மொட்டைமாடியில் மெல்லக் கூட்டம் சேர்ந்தது. அம்மா தன் பங்குக்கு வெட்டிவேரை ஒரு பாதி டிரம்மில் வைத்தாள். அது அலங்காரத்துக்கு வைத்தது இல்லை. தை, மாசியில் டிரம்மைக் கவிழ்த்து வேரை உதறி, கோடைக்குப் பானைத் தண்ணீரில் போட. ஆனால் நிமிர்ந்து நின்ற அந்தப் பச்சைத் தூர்தான் மாடியிலேயே எடுப்பாக இருந்தது என்பதை அப்பாவே ஒப்புக்கொண்டார். எலுமிச்சைப்புல் வந்தது. குடை மாதிரி இலை விரிக்கிற கோரை ஒன்றும் வந்தது, மாலி அதை 'அம்பரலா' என்பார். கண்டிப்பாகச் சொன்னால் அது புல் இல்லை, கோரைக் குடும்பம். மற்றதெல்லாம் காய்ச்சல் கேட்கும்போது இது மட்டும் காலைத் தண்ணீரிலேயே வைத்திருக்கச் சொல்லும். கழிவுநீரைச் சுத்தம் செய்கிற நாணல் படுகைகளில் இந்த இனத்தையும் நடுகிறார்கள். கை கழுவுகிற பேசின் குழாயை அப்பா திருப்பி அதன் தொட்டிக்கு விட்டார். சோப்பு, பல்பொடி, சவரத் தண்ணீர் எது வந்தாலும் முகம் சுளிக்காமல் வளர்ந்தது.

தண்ணீர் விஷயத்தில் பெங்களூர்ப் பருவங்கள் ரொம்பவும் ஏமாற்றுபவை. சென்னைக்காரருக்கு இருப்பது மாதிரி ஒரே பெரிய மழைக்காலம் இங்கே இல்லை. ஜூனில் தொடங்கும் தென்மேற்குப் பருவமும் வரும், ஐப்பசியில் வடகிழக்கின் வாலும் வரும். நடுவில் இருக்கிற ஆடியும் ஆவணியும்தான் புல்லுக்குச் சோதனை. வானம் நாள் முழுக்க மூடியிருக்கும். தூறிக்கொண்டே இருக்கும். துணி காயாது. இந்த ஈரத்தில் எதற்குத் தண்ணீர் என்று எல்லோரும் சும்மா இருந்துவிடுவார்கள். ஆனால் அந்தத் தூறல் இலையை நனைக்குமே தவிர மண்ணுக்குள் இறங்காது. அடர்ந்த தூராக வளர்ந்த புல் தன் இலையாலேயே தொட்டியின் வாயை மூடிக்கொண்டிருக்கும்; விழுகிற தூறலெல்லாம் வெளிப்பக்கம் வழிந்து போய்விடும். போதாததற்கு ஆடிக் காற்று, ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு போகும். சஜ்ஜாவுக்குக் கீழே இருக்கிற தொட்டிகளுக்கு அந்தத் தூறலும் இல்லை. ஒரு ஆடியில் அப்பா தூரை இரண்டு கையாலும் விலக்கி, விரலை உள்ளே விட்டு எடுத்துக் காட்டினார். வெளியே இலையெல்லாம் சொட்டச் சொட்ட நனைந்திருக்க, விரல் நுனியில் ஒட்டாத பொடி மண். மழை பெய்துகொண்டிருக்கும்போது குடை பிடித்துக்கொண்டு செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிறவரைப் பார்த்து எதிர்வீட்டு மாடியில் சிரித்தார்கள். அவர்கள் வீட்டு எலுமிச்சைப்புல் அந்த ஆவணியில் காய்ந்து போனது.

புரட்டாசியில் கதை தலைகீழ். செப்டம்பர்தான் பெங்களூருக்கு அதிக மழை தரும் மாதம். சாயங்காலம் வரை வெயில் அடித்துவிட்டு, ராத்திரி இடியும் மின்னலுமாகக் கொட்டும். அந்தச் சமயத்தில் பக்கெட் தண்ணீரெல்லாம் முருங்கைக்குப் போய்விடும், புல்லுக்குச் சொட்டு கிடையாது. தொட்டிக்குக் கீழே வைக்கிற தட்டுகளை எல்லாம் எடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் வேரும் அழுகும், டெங்குக் கொசுவும் முட்டையிடும். பூத்து நிற்கிற கதிர்கள் மழையில் கனத்துச் சாய்ந்து கிடக்கும். மாலி தூரைச் சேர்த்து வாழைநாரால் இடுப்பில் ஒரு கட்டு போடுவார். மறுநாள் வெயில் வந்ததும் கதிர் மயிர் ஒவ்வொன்றாகப் பிரிந்து மறுபடி பொசுபொசுவென்று நிற்கும்.

2016 செப்டம்பரில் காவிரிக்காக நகரத்தில் பஸ்கள் எரிந்தபோதும் இப்படித்தான் மாடியில் எல்லாம் பூத்து நின்றன. தமிழ்நாட்டுப் பதிவெண் வண்டி என்றாலே பயம். அல்சூர்த் தமிழர்கள் கதவைச் சாத்திக்கொண்டு செய்தி பார்த்தோம். காவிரிச் சண்டை முறுகிய 1991-இலேயே திறந்திருக்க வேண்டிய சிலைதான் ஏரிக்கரைத் திருவள்ளுவர். துணி போர்த்தியபடியே இருந்து 2009 ஆகஸ்டில்தான் வெளிச்சம் பார்த்தார். அந்த வரலாறெல்லாம் எங்கள் தெருவுக்கு மனப்பாடம். இரண்டு மாநிலம் இப்படி அடித்துக்கொள்கிற தண்ணீரை நான் புல்லுக்கு விடவில்லையே என்று அம்மாவுக்கு ஒரு நிம்மதி. 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. கர்நாடகத்துக்குக் கூடுதலாகக் கொடுத்த 14.75 டி.எம்.சி.யில் 4.75 டி.எம்.சி. பெங்களூரின் குடிநீருக்கு என்று பேப்பரில் போட்டிருந்தான். அம்மா அந்தப் பக்கத்தை மடித்து அப்பாவின் காபிக்குப் பக்கத்தில் வைத்தாள். "கோர்ட்டே சொல்லிடுச்சு, குடிக்கத்தான்னு." அப்பா பூவாளியைத் தொடுவதை விட்டு எவ்வளவோ காலமாகியிருந்தது என்பது அவளுக்கும் தெரியும்.

கார்த்திகை, மார்கழியில் காலைக் குளிர் 15, 16 டிகிரிக்கு இறங்கும். அப்போது மாடிக்குப் போனால், ஒவ்வொரு இலையின் நுனியிலும் ஒரே ஒரு துளி நிற்கும். பனித்துளி என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். பனியாக இருந்தால் இலை முழுக்க அல்லவா படிந்திருக்க வேண்டும்? ராத்திரிக் குளிரில் இலை ஆவி விடுவது நின்றுபோக, வேர் மேலே ஏற்றிய தண்ணீர் போக வழியில்லாமல் நுனியில் கசிந்து நிற்பது அது. மண்ணில் வேண்டிய ஈரம் இருக்கிறது என்று அர்த்தம். துளி நின்ற நாளில் அப்பா பக்கெட்டைத் தொடமாட்டார்.

இந்த மாதங்களில்தான் புல்லை அதிகம் கொல்கிறார்கள். குளிரில் வளர்ச்சி மந்தமாகி, இலை வைக்கோல் நிறத்துக்கு வரும். அது அதன் ஓய்வு. பார்க்கிறவர்களுக்குத் தாகம் மாதிரி தெரியும். ஒரு பொங்கலுக்கு நாங்கள் ஊருக்குப் போயிருந்தபோது மாடிப் போர்ஷனில் குடியிருந்த பெண், 'பாவம் ஆன்ட்டி, எல்லாம் காஞ்சிருந்துச்சு' என்று தினமும் சாயங்காலம் ஒரு குடம் ஊற்றிவைத்திருந்தாள். திரும்பி வந்து பார்த்தால் பெரிய தூரின் நடுப்பகுதி கறுத்து, இழுத்ததும் கையோடு வந்துவிட்டது. அம்மா அவளை ஒன்றும் சொல்லவில்லை. ஓரத்தில் உயிரோடு இருந்த தூர்களைப் பிரித்து வேறு தொட்டியில் வைத்தார் மாலி. சிவப்பு வகை முளைக்கிற விதை வைப்பதில்லை. தூர் பிரித்துத்தான் பெருக்க முடியும்.

மாசியில் வெட்டு. ஒரு சாண் உயரம் விட்டுவிட்டு மொத்தமாக அரிந்துவிட வேண்டும். பார்க்கச் சகிக்காது. பங்குனியில் அடியிலிருந்து புதுக் குருத்து வரும், அப்போதுதான் புல் உண்மையிலேயே தண்ணீர் கேட்கும். பெங்களூரில் தண்ணீர் இல்லாமல் போவதும் சரியாக அப்போதுதான்.

2024 அதன் உச்சம். அதற்கு நாலு வருஷம் முன்பே அப்பா போய்விட்டார். பக்கெட் என் கைக்கு வந்திருந்தது. முந்தைய வருஷம் பருவமழை பொய்த்து, நகரத்தில் ஆயிரக்கணக்கான போர்வெல்கள் வற்றின. டேங்கர் விலையை அரசாங்கமே நிர்ணயிக்க வேண்டிய நிலை. மார்ச்சில் குடிநீர் வாரியமான ஜலமண்டலி உத்தரவு போட்டது: தோட்டத்துக்கு, கார் கழுவ, நீரூற்றுக்கு, கட்டட வேலைக்குக் குடிநீரைப் பயன்படுத்தினால் 5,000 ரூபாய் அபராதம். அந்த மாதமே 22 வீடுகளிடம் 1.1 லட்சம் வசூலானது. எங்கள் தெருவில் பூவாளிகள் எல்லாம் படிக்கட்டுக்குக் கீழே ஒளிந்துகொண்டன. அம்மாவுக்கு அந்த உத்தரவில் புதிதாக ஒன்றும் இல்லை. "நான் எப்பவோ போட்ட சட்டம்," என்றாள்.

தொட்டிகளை நான் வெயில்படும் கைப்பிடிச் சுவர் ஓரத்திலிருந்து நடுவுக்கு நகர்த்தி ஒன்றோடொன்று நெருக்கி வைத்தேன். ஒன்றின் நிழல் இன்னொன்றின் மண்ணில் விழும். இளநீர்க் கடையில் கிடைத்த மட்டையை நார் நாராகக் கிழித்து மண்ணுக்கு மேல் மூடாக்கு போட்டேன். சமையலறைத் தண்ணீர் குறைந்துவிட்டது. அம்மா கீரை வாங்குவதையே நிறுத்தியிருந்தாள். கிடைத்ததை இரண்டு மூன்று நாள் சேர்த்துவைத்து, பொழுது விடியும் முன் ஒரே ஒரு தொட்டிக்கு முழுக்க ஊற்றுவேன். மறுமுறை அடுத்த தொட்டி. எல்லாவற்றுக்கும் கொஞ்சம் கொஞ்சம் பங்கு போட்டால் எதுவும் பிழைக்காது.

ஏப்ரலில் மழையே இல்லை. வெயில் 38 டிகிரியைத் தொட்டது. பதினோரு மணிக்கெல்லாம் இலைகள் நீளவாக்கில் சுருண்டு விறைத்துவிடும். அதைப் பார்த்து மனம் இளகக் கூடாது. மத்தியானச் சுருளல் புல் தன்னைத்தானே காத்துக்கொள்கிற வழி. ஆவி போகிற பரப்பைக் குறைத்துக்கொள்கிறது. சாயங்காலம் ஆறு மணிக்குத் தானாக விரிந்துவிடும். விடியற்காலையிலும் சுருண்டபடியே இருந்தால்தான் அன்றைக்கு அதன் முறை. அந்தக் கோடை முழுக்க நான் காலை ஐந்தரைக்கு டார்ச் அடித்துப் பார்த்தது இதைத்தான்.

ஒரு தொட்டியில் மட்டும் வேறு வியாதி. இலை நுனி பழுப்பேறி, தொட்டியின் விளிம்பில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. டேங்கரில் வந்த போர்வெல் தண்ணீரை ஆர்.ஓ. மெஷினில் விட்டால், கழித்துத் தள்ளுகிற தண்ணீரில் உப்பு இன்னும் கூடுதலாக இருக்கும். அந்தக் குழாய் அந்தத் தொட்டிக்குப் போய்க்கொண்டிருந்தது. அதைக் குடைக்கோரைக்குத் திருப்பிவிட்டேன். (காவிரித் தண்ணீருக்கு ஆர்.ஓ. தேவையே இல்லை என்று சொன்னால் யாரும் கேட்பதில்லை.)

நாலு தெரு தள்ளி ஓர் அபார்ட்மென்ட் வாசலில் மெக்சிகன் கிராஸ் விரித்த பெரிய புல்தரை உண்டு. வருஷம் முழுக்க ஸ்பிரிங்க்ளர் சுற்றும். உத்தரவு வந்த மூன்றாவது வாரத்தில் அது பழுப்புக் கம்பளமாகிவிட்டது. மே முதல் வாரத்தில் மழை வந்தபோது அவர்கள் அதைச் சுருட்டி எடுத்துக் குப்பை வண்டியில் போட்டுக்கொண்டிருந்தார்கள். எங்கள் மாடியில் வெட்டிவேருக்கு ஒன்றும் ஆகவில்லை. அது எதற்கும் அசையாத ஜாதி. ஃபவுண்டன் கிராஸ் இரண்டு தூர் போனது. மிச்சமெல்லாம் மழை விழுந்த வாரத்திலேயே குருத்து விட்டன. எலுமிச்சைப்புல் டீக்கு ஆகும் அளவுக்குத் தழைக்க ஜூன் ஆனது.

அந்த அக்டோபரில் ஐந்தாம் கட்டக் காவிரித் திட்டம் திறந்து, தினம் 77.5 கோடி லிட்டர் கூடுதலாக வரும் என்றார்கள். அடுத்த பிப்ரவரியிலேயே அதே தடையை மறுபடி போட்டார்கள். எத்தனை கட்டம் வந்தாலும், கோடையில் புல்தரைக்குக் குழாய்த் தண்ணீர் தருகிற ஊராக பெங்களூர் இனி இருக்கப்போவதில்லை, இருக்கவும் கூடாது.

வீட்டில் அலங்காரப் புல் வைக்க ஆசை என்றால் தாராளமாக வையுங்கள். படர்ந்து விரிக்கிற புல்தரை வேண்டாம், தூர் கட்டுகிற வகையாக வாங்குங்கள். அபார்ட்மென்ட் என்றால் சுத்திகரித்த கழிவுநீர்க் குழாயைத் தோட்டத்துக்கு இழுத்துத் தரச் சொல்லி சங்கத்தில் கேளுங்கள். ஏப்ரலில் நர்சரிக்குப் போகாதீர்கள். ஜூனில் இரண்டு நல்ல மழை விழுந்த பிறகு போனால், பிழைக்கவைக்கும் வேலையை மழையே பார்த்துக்கொள்ளும். ஃபவுண்டன் கிராஸில் சிவப்பு இலை வகையைக் கேளுங்கள். பச்சை வகை விதை பறந்து கண்ட இடத்தில் முளைக்கும்; ஹவாயில் அதைக் களையென்று பிடுங்கிக்கொண்டிருக்கிறார்கள். அதைக் கொடுத்தால், விலை குறைவு என்றாலும், வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.